கண்மாயை எந்தத் துறையில் வைத்துப் படிப்பது?

வரத்துக்கால் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புவியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். குண்டாற்றின் கீழ்ப்பகுதியில் ஒன்று நிறைந்து கலுங்கு வழியே வழியும் தண்ணீர் அடுத்ததற்குப் போகிற மாதிரி வரிசையாக அமைந்த பதினோரு கண்மாய்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடந்த எழுபது எண்பது வருடத்தில் அந்தக் கண்மாய்களும் ஊர்களும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்பதுதான் ஆய்வு.

போன மாதம் ஆய்வுக் குழு கூடியது. ஒருவர் "செயற்கைக்கோள் படத்துக்கு மேல் எதற்கு இவ்வளவு கதை" என்றார். வரலாற்றுத் துறையிலிருந்து வந்தவர் "மூல ஆவணம் இல்லாமல் எண்பது வருடம் என்று எப்படி எழுதினாய்" என்றார். மூன்றாமவர் நான் எடுத்த பேட்டிகளைப் புரட்டிவிட்டு "இது மானிடவியல், நம்ம துறையே இல்லையே" என்று கட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அதற்குள் டீ வந்துவிட்டது. கூட்டமும் முடிந்தது.

கையில் இருப்பது மூன்று சரக்கு. 1988 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். பதினான்கு பேட்டிகள், அதில் நான்கு, மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிக் குடும்பங்களுடையவை. பழைய கர்ணம் (கிராமக் கணக்கர்) வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த அடங்கல் கட்டு ஒன்று, அதாவது புலவாரியாகப் பயிர் எழுதும் கணக்கு, கரையான் தின்றது போக.

மூன்றும் மூன்று கதை சொல்கின்றன. ஏழாவது கண்மாயை எடுத்துக்கொண்டால், படத்தில் 2000க்குப் பிறகு பசுமை கூடிக்கொண்டே போகிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்தக் கண்மாய் செத்துப்போச்சு" என்கிறார்கள். அடங்கலோ நான் பிறப்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. இவற்றை எப்படி ஒரே ஆய்வாகக் கட்டுவது? கல்வெட்டு படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டுமா? இல்லை, பேட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா? நெறியாளர் படத்தோடு நிறுத்துவதைத்தான் விரும்புகிறார்.

ஷட்டர்சாவி எழுதியது:

தம்பி, நான் பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. காகிதம் எங்கே கிடைக்கும் என்பது தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் கரை நீளம், மடை மட்டம், கலுங்கு அகலம், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) எல்லாம் அளந்து எழுதி வைத்தார்கள். டேங்க் மெமாயர் என்போம். வேறு மாவட்டத்துப் பையன் என்றால் முதலில் அதைத் தேடு என்பேன். உன் பகுதி ராமநாதபுரம் சேதுபதி ஜமீன். ஜமீன் கண்மாய்கள் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதனால் பழைய மெமாயர் கிடைக்காவிட்டால் தொலைந்துவிட்டது என்று நினைக்காதே. எழுதவே இல்லை என்று அர்த்தம். 'எக்ஸ் ஜமீன்' என்று தனி இனமாகவே எங்கள் பதிவேட்டில் இருக்கும்.

இன்னொன்று. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் எங்கள் துறை (இப்போது அது நீர்வளத்துறை), குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். உன் பதினொன்றில் சிலது இங்கே, சிலது அங்கே இருக்கும். தண்ணீருக்கு அது தெரியாது, கோப்புக்குத் தெரியும். மேல் கண்மாயின் கலுங்கை நாங்கள் அரை அடி உயர்த்திக் கட்டியிருப்போம். கீழ்க் கண்மாய்க்காரன் ஒன்றியத்தில் மனு கொடுத்துக்கொண்டிருப்பான். இரண்டு அலுவலகத்திலும் போய்ப் பார்.

ஓடைக்கரை எழுதியது:

தம்பி, பேட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அடிப்படையில் தாவரவியல்காரி. சிவகங்கைப் பக்கம், சருகணியாற்றுக் கண்மாய்களில் நீர்த்தாவரம் கணக்கெடுக்கப் போய், எட்டு வருடம் கழித்து வருவாய்த்துறைக் கணக்கு படிக்கிறவளாக வெளியே வந்தேன். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். நான் வழுக்கி விழுந்த இடத்தைச் சொல்கிறேன், உதவும்.

அங்கே ஒரு கண்மாய். மழை நன்றாகப் பெய்த வருடங்களிலும் பொங்கல் தாண்டினால் படத்தில் தண்ணீர் காணாமல் போகும். பக்கத்துக் கண்மாயில் மாசி வரை நிற்கும். மூன்று வருடப் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு 'வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துவிட்டது' என்று ஒரு பத்தியே எழுதிவிட்டேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. பொறியியல் படித்த தோழி ஒருத்தி வந்து உள்வாயில், அதாவது கண்மாயின் உள்பரப்பில், குறுக்கே நாலு இடத்தில் மட்டம் பார்த்தாள். "வண்டல் இருக்கு, ஆனா ரெண்டு மாசத் தண்ணியக் குடிக்கிற அளவுக்கு இல்லடி" என்றாள்.

அப்புறம்தான் மடையருகில் போய் உட்கார்ந்தேன். நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் ஒருவர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே கரை, எங்கே கோயில் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் "இது காய்ஞ்ச கண்மாய் இல்லத்தா, தொறந்துவிட்ட கண்மாய்" என்றார்.

மீன் குத்தகை. தண்ணீர் வடிந்தால்தான் குத்தகைதாரர் வலை போட முடியும். தை பிறந்ததும் இரவோடு இரவாக மடையைத் திறந்துவிடுவார்கள். சரி, புதிர் அவிழ்ந்தது என்று அதோடு எழுந்து வந்திருந்தால் அதுவும் பாதிக் கதைதான். ஏனென்றால் ஏலம் அந்த ஊரில் நெடுநாளாக நடக்கிறது. முன்பெல்லாம் இப்படித் திறந்தால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். இப்போது ஏன் யாரும் கேட்கவில்லை?

அதற்குப் பதில் அடங்கலில் இருந்தது. மடைக்கு நேர் கீழே உள்ள புல எண்களில் நெல் என்று இருந்த இடத்தில் வருடத்துக்கு வருடம் மிளகாயும் தரிசும் ஏறிக்கொண்டே வந்தன. தையில் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் கேட்டுச் சண்டை போட ஆளே இல்லை. நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். குத்தகைதாரர் திறந்தார், ஊர் பேசாமல் இருந்தது. தண்ணீர் எப்போது போனது என்று படம் சொன்னது, யார் திறந்தார்கள் என்று பெரியவர் சொன்னார், ஏன் எவரும் தடுக்கவில்லை என்று கணக்கு சொன்னது. இதில் எதை எந்தத் துறைக்குக் கொடுப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. படிவத்தில் தாவரவியல் என்று எழுதினேன், பட்டம் கொடுத்தார்கள். நீங்களும் புவியியல் என்றே எழுதுங்கள். 'பல்துறை' என்று தலைப்பில் போட்டால் ஒவ்வொரு துறைக்காரரும் தன் துறை எங்கே என்று கேட்கத் தொடங்குவார்.

உங்கள் ஏழாவது கண்மாய்க்கு வருகிறேன். பசுமை என்று படம் காட்டுவது இலையை. அது நெல்லா, ஆகாயத்தாமரையா, மரமா என்று அதற்குக் கவலை இல்லை. உங்கள் பகுதியில் கண்மாய்க்குள் மரம் என்றால் சந்தேகிக்க இரண்டு பேர். ஒன்று சீமைக்கருவேலம். இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: 1981இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறையே கண்மாய் உள்வாயில் நட்ட நாட்டுக்கருவேலம். முதலாவது தானாக வந்தது, இரண்டாவது அரசாணையில் வந்தது. லேண்ட்சாட்டின் முப்பது மீட்டர் கட்டத்தில் இரண்டும் ஒரே பச்சை. கோடையில் நேரில் போனால் ஐந்து நிமிட வேலை: காயைப் பாருங்கள். நாட்டுக்கருவேலங்காய் மணி கோத்தது போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும், சாம்பல் பூத்திருக்கும். சீமைக்கருவேலங்காய் மஞ்சளாக, பீன்ஸ் போல நீண்டிருக்கும். எதுவென்று தெரிந்தால் அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். சீமைக்கருவேலம் என்றால் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசுங்கள். எந்தக் கண்மாயில் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வெட்டு விழுகிறது என்று அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும். உங்கள் படத்தில் பச்சை திடீரென்று இறங்கும் வருடங்களை அதோடு ஒட்டிப் பாருங்கள்.

படத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கண்மாய் நிறைகிற ஐப்பசி கார்த்திகையில்தான் வானம் மூடியிருக்கும். லேண்ட்சாட்டில் அந்த மாதங்களில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேகத்தின் படம். ஆக, உங்களிடம் இருப்பது கண்மாய் வடிகிற கதை மட்டுமே. 2014க்குப் பிந்தைய வருடங்களுக்குச் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். அதற்கு முன்னால் கலுங்கு பாய்ந்ததா என்று தெரிய மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பேட்டிகள் வேறு துறை என்று சொன்னவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பேட்டியில் "எந்த வருடம்?" என்று கேட்டால் பயனில்லை. "தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா" என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர், ராமநாதபுரத்துக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். "எம்ஜிஆர் ஆட்சிக்கு வந்தப்பவா", "மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷமா" என்று இறங்குங்கள். அடங்கல் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டில் ஓடும், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம் வரும். மழைக்கணக்கு ஜனவரி-டிசம்பர். ஊர்க்காரர் பேச்சு தமிழ் மாதத்தில். என் வீட்டுச் சுவரில் ஏழடிக் காகிதம் ஒட்டி, இடது ஓரத்தில் பசலி எழுதி, ஒவ்வொரு பசலிக்கும் நேரே படம், கணக்கு, பேச்சு, மழை என்று கட்டம் போட்டேன். இரண்டு வருடம் அதற்கு முன்னால்தான் சோறு தின்றேன். ஆய்வேட்டில் அந்தக் காகிதம் இல்லை. ஆனால் ஆய்வு அதில்தான் நடந்தது.

கல்வெட்டு வேண்டாம். உங்கள் காலம் எண்பது வருடம். தயவுசெய்து முதல் அத்தியாயத்தில் உத்திரமேரூர் ஏரி வாரியத்தைக் கொண்டு வந்து நிறுத்தாதீர்கள். அது பத்தாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்துப் பிராமணர் ஊர்ச் சபை. நீங்கள் எழுதப்போவது மறவர் ஆண்ட சீமையின் மானாவாரிக் கண்மாய். நடுவில் ஆயிரம் வருடமும் நானூறு கிலோமீட்டரும் இருக்கின்றன. எந்தக் கண்மாய் ஆய்வைத் திறந்தாலும் அந்த வாரியம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது, பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதற்குப் பதில் டேவிட் மாஸ் என்ற மானிடவியலாளரின் வேலையைப் படியுங்கள். இதே ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை வைத்து 2003இல் பெரிய நூலாக எழுதியிருக்கிறார். ஊர் ஒற்றுமையால் கண்மாய் வாழ்ந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்ற வழக்கமான கதையை அவர் அப்படியே ஏற்பதில்லை. அரசன், கோயில், முதல் மரியாதை, சாதி எல்லாம் மடையோடு பிணைந்து கிடந்ததைக் காட்டுகிறார்.

ஜமீன் காகிதம் பார்த்தால் 'சுதந்திரம்' என்ற சொல் வரும். துள்ளிக் குதிக்காதீர்கள். நீர்ப்பாய்ச்சிக்கும் மற்ற ஊர்த் தொழிலாளிகளுக்கும் களத்தில் அளக்கும் நெல் பங்குக்கு அதுதான் பெயர்.

முண்டுமிளகா எழுதியது:

நான் விவசாயி. கமுதிக்குக் கிழக்கே. இந்தப் பேச்சு நம்ம பக்கம் நடப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஆய்வு என்று இதுவரை நாலு கூட்டம் வந்திருக்கிறது. ஒரு கூட்டம் மண்ணை எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனது. ஒரு கூட்டம் பொம்பளைகளை உட்காரவைத்து மூன்று மணி நேரம் கேள்வி கேட்டது, அன்றைக்குக் களையெடுப்பு. மண்ணில் உப்பு எவ்வளவு என்று இன்றைக்கு வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மண், என் வயல். தம்பி நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள்.

"செத்துப்போச்சு" என்று சொன்னால் தண்ணீர் இல்லை என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். நாங்கள் அதைச் சொல்லவில்லை. எங்கள் கண்மாயிலும் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. கரிச்சட்டியாட்டம் மரத்துக்குள்ளே நிற்கிறது. மடையைத் திறக்க ஆளில்லை. நீர்ப்பாய்ச்சி இருந்தவரைக்கும் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவர் பார்த்தார். அவர் மகன் அந்த வேலைக்கு வரவில்லை. ஏன் வரவேண்டும்? களத்தில் கடைசியாக நின்று துண்டை ஏந்தி நெல் வாங்கியதைப் பார்த்து வளர்ந்த பையன். இப்போது லாரி ஓட்டுகிறார், நன்றாக இருக்கிறார். அந்த மனிதரை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கண்மாய் ஏன் செத்தது என்று விளங்கும். எங்கள் ஊரில் இதை வெளியே சொல்லமாட்டார்கள். நான் இங்கே பெயர் இல்லாமல் சொல்கிறேன்.

அப்புறம், கண்மாயை வைத்து நெல் விளைகிறது என்று புத்தகத்தில் போடுகிறார்களே, எங்கள் பக்கம் ஆவணியிலேயே புழுதியில் விதைத்துவிடுவோம். முக்கால்வாசிப் பயிர் வானத்தை நம்பி. கண்மாய்த் தண்ணீர் கதிர் வாங்குகிற சமயத்தில் ஒரு தடவை, ரெண்டு தடவை. அந்த ஒரு தடவைதான் வீட்டுக்கு நெல் வருமா வைக்கோல் வருமா என்பதை முடிவு பண்ணும்.

ஷட்டர்சாவி எழுதியது:

விவசாயி ஐயா சொன்ன கடைசி விஷயம் முக்கியம். நாங்கள் கண்மாய்க் கொள்ளளவை ஆயக்கட்டால் வகுத்துப் பார்த்து 'போதாது' என்று எழுதுவோம். கண்மாயைப் பெரியாறு வாய்க்கால் மாதிரி, பயிருக்கு முழுத் தண்ணீரும் அதுவே கொடுக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. முப்பத்திரண்டு வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன்.

வரத்துக்கால் எழுதியது:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக ஊரில் இருந்தேன், அதனால் தாமதம்.

ஏழாவது கண்மாயில் இரண்டும் இருக்கிறது அக்கா. கரையோரம் வரிசையாக நாட்டுக்கருவேலம், நட்டது என்று பார்த்தாலே தெரிகிறது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். மூட்டம் போடுகிற அண்ணன் ஒருவர் கடைசி மூன்று வெட்டு எந்த எந்த வருடம் என்று சொன்னார். இரண்டு படத்தோடு பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. மடையில் ஷட்டரே இல்லை, மணல் மூட்டையும் வைக்கோலும் அடைத்திருக்கிறார்கள். கரையோர மரங்களில் கொக்குக் கூடு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் வந்த பிறகு "நம்ம கண்மாயையும் எடுத்துக்குவாங்களா" என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அதைக் குறித்துக்கொண்டேன், எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை.

சுவரில் காகிதமும் ஒட்டிவிட்டேன். முதல் நாளே சிக்கல். ஒரு பெரியவர் "தனுஷ்கோடி போன வருஷம் மார்கழியில எங்க கரை உடைஞ்சு, வெள்ளாமை எல்லாம் மண்ணு மூடிருச்சு" என்று அடித்துச் சொல்கிறார். 1964 டிசம்பர் என்றால் பசலி 1374. அந்தப் பசலி அடங்கலில் ஆயக்கட்டு முழுக்க நெல் என்று சுத்தமாக எழுதியிருக்கிறது. 1375இல்தான் எல்லாம் தரிசு. பெரியவர் ஒரு வருடம் தள்ளிச் சொல்கிறாரா, கர்ணம் பொய் எழுதினாரா?

ஷட்டர்சாவி எழுதியது:

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். பயிர் பெயரை நட்டதை வைத்து எழுதிவிடுவார்கள், மார்கழிக்கு முன்பே எழுதியாகியிருக்கும். அறுப்பு மாதம், விளைச்சல் போடும் கட்டங்கள் வலது பக்கம் இருக்கும், அதைப் பார். உடைப்பு அடைக்கப் பணம் வரவில்லை என்றால் அடுத்த பசலி தரிசாகத்தான் கிடக்கும்.

வரத்துக்கால் எழுதியது:

ஐயா, கரையான் தின்றது அந்த வலது ஓரத்தைத்தான்.

முண்டுமிளகா எழுதியது:

எங்க பெரியப்பா வீட்டில் பக்கத்துக் கிராமத்துக் கட்டு கிடக்கிறது. அவங்க அப்பா கர்ணம் பார்த்தவர், எண்பதில் கர்ணம் வேலையை எடுத்தபோது வீட்டிலேயே தங்கிவிட்டது. அதே கண்மாயின் கடைமடை அந்த ஊரிலும் பாயும். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், மிளகாய்ப் பழம் எடுக்கிறோம். திங்கள் காலையில் வாங்க. வரும்போது என் வயல் மண்ணைச் சோதனைக்குக் கொடுக்க ஒரு பை எடுத்து வாங்க.